கம்பிக்குச் சேவல் எது, பெட்டை எது?

அமெரிக்காவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது: "அண்ணன், இங்கே நாயைக் கூட்டிக்கொண்டு பறவை வேட்டைக்குப் போகிறவர்களின் காசில்தான் பறவைகள் பிழைத்திருக்கின்றன. துவக்கு, தோட்டா விலையில் ஒரு பங்கு நேரே காட்டுக்குப் போகிறது. நம் இலங்கை மலைநாட்டிலும் லைசன் கொடுத்து வேட்டையைத் திறந்துவிட்டால் காட்டுக்கோழி பெருகும், கள்ள வேட்டையும் குறையும். தேசியப் பறவை என்று பெயர் வைத்துவிட்டுச் சுருக்கில் சாக விடுவதைவிட அது மேல் இல்லையா?"

2024 ஜூலை 14

சரிவராது. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், கொழுந்து லொறி வந்துவிட்டது.

2024 ஜூலை 15

தம்பி சொல்லும் கணக்கில் பொய் இல்லை. 1937இல் அங்கே பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. நீளத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தக் காசு மாநிலங்களின் வனவிலங்கு வேலைக்கு. அதற்கு ஐந்து வருடம் முன்புதான் ஹீத் ஹென் என்ற ஒரு கோழியினத்தின் கடைசிப் பறவையை ஒரு தீவில் பார்த்தார்கள். 1932க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. சுட்டுத் தீர்த்த பிறகு வந்த புத்தி, ஆனாலும் வந்ததே.

அதே 1937இல்தான் நம்முடைய தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தது. 2ஆம் இலக்கம். அங்கே சுடுகிறவனிடம் காசு வாங்க வழி செய்தார்கள். இங்கே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் போட்டார்கள்.

இப்போது எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனுக்கு வாருங்கள். இங்கே காட்டுக்கோழி பிடிக்கிறவன் யாரும் தோட்டா வாங்குவதில்லை. பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒரு முழம், கொய்யாக் கம்பு ஒன்று, அவ்வளவுதான் அவன் முதலீடு. 11 சதவீத வரியை எதில் போடுவது, பிரேக் கம்பியிலா?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பக்கம் நாயோடு தேடிப் போகிற பெசன்ட், சீனாவிலிருந்து 1881இல் ஒரிகனுக்குக் கொண்டுவந்து விட்ட பறவை. பெரும்பாலான மாநிலங்களில் அதில் சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டை எழும்பினால் விட்டுவிட வேண்டும். நாய் இரண்டையும் ஒன்றுபோலத்தான் எழுப்பும், சுடுகிறவன் கண்ணால் பார்த்துப் பிரிக்கிறான். இங்கே கம்பிக்குச் சேவல் எது, பெட்டை எது? புள்ளிக்கோழியா, மரைக் குட்டியா, சிறுத்தையா என்றே அதற்குத் தெரியாது.

2024 ஜூலை 17

"நீங்கள் நாய் வேட்டை பார்த்திருக்கிறீர்களா, சும்மா எழுதுகிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எங்கள் அப்பா ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரை பங்களாவின் நாய்க்காரர். தோட்டத்தை நடத்திய துரை வெள்ளைக்காரர் இல்லை, கொழும்பு ஆள். ஆனால் நாய் இரண்டும் வெள்ளைக்கார துரை விட்டுப் போன பொயின்டர் வழி. ரெக்ஸ், ஜூனோ. சனிக்கிழமை பின்னேரம் பத்தனைக்குப் போவார்கள். பத்தனை என்றால் தெரியாதவர்களுக்கு: பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து மேடுகளில் மரமே இல்லாமல் மானாப்புல் இடுப்பளவு நிற்கும் வெளி. அனுமதிச் சீட்டு துரை சட்டைப் பையில் இருக்கும் என்று அப்பா சொல்வார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது, பை தூக்கப் போவேன்.

ஜூனோ காற்றுக்கு எதிராகத்தான் புல்லுக்குள் இறங்கும். இடமும் வலமுமாக நெசவுக்காரன் நாடா மாதிரிப் போய்வரும். திடீரென்று நிற்கும். மூக்கு நீண்டுவிடும், வால் கம்பு மாதிரி நேராகிவிடும், முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில். மூச்சு விடுகிறதா என்றே தெரியாது. சாமி வந்த ஆள் ஆடுவான், இது சாமி வந்து உறைந்துபோன மாதிரி. துரை மெல்ல நடந்து பக்கத்தில் போனபிறகுதான் புல்லிலிருந்து விர்ரென்று ஒன்று கிளம்பும். காடை. துரை பாதி நேரம் தவறவிடுவார். அப்போது ஜூனோ திரும்பி அவரைப் பார்க்கும் பார்வையை எங்கள் கணக்கப்பிள்ளை நிறுவை பிழைத்தபோது பெண்கள் பார்க்கும் பார்வையில்தான் பிறகு கண்டேன்.

வேட்டை ஒரு மணி நேரம் என்றால் அப்பாவின் வேலை இரண்டு மணி நேரம். பாதத்தில் குத்திய புல்முள்ளைப் பிடுங்க வேண்டும், காதுக்குள் உண்ணி பார்க்க வேண்டும். மழைக்காலமானால் மூக்குக்குள் அட்டை. நாய் தும்மித் தும்மி ஒரு பக்கம் இரத்தம் வடியும். இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே புண்ணாகும். அப்பா நாயைக் கொஞ்ச நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்து, அப்புறம் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்கு நேரே பிடிப்பார். அட்டைக்கும் தாகம். மெல்லத் தலையை நீட்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காத்திருந்து ஒரே பிடி. துரைக்கு இந்த வித்தை கடைசி வரை வரவில்லை.

2024 ஜூலை 18

திருத்தம். நேற்று எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எண்பத்திரண்டு, காது மந்தம், நாய்ப் பேச்சென்றால் மட்டும் கேட்கும். "காடையா? அதுவும் உண்டு. துரை தேடிப் போனது கௌதாரியை" என்கிறார். நான் அந்த வயதில் பையில் விழுந்த எல்லாவற்றையும் காடை என்று எண்ணியிருக்கிறேன் போல.

2024 ஜூலை 18, இரவு

யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார்: கௌதாரி எங்கள் ஊர்ப் பறவை, மன்னார், புத்தளம் வரை இருக்கும், குளிர் மலையில் அதற்கு என்ன வேலை என்று.

இருவரும் சரி. வடக்கில் இருப்பது சாம்பல் கௌதாரி. ஊவாப் பத்தனையில் இருப்பது அதன் பங்காளி, நெஞ்செல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்தது, கல்லின் மீதோ கம்பத்தின் மீதோ ஏறி நின்று கரகரவென்று கத்தும். நம் நாட்டில் அது ஏறக்குறைய இந்த மலைச்சரிவுப் புல்லை மட்டும் நம்பி வாழ்கிற பறவை. நான் கடைசியாக அதன் குரலைக் கேட்டு எத்தனையோ வருடம். இப்போது கேட்டாலும் அடையாளம் தெரியுமா என்று சந்தேகம்தான்.

2024 ஜூலை 21

காடைப் பேச்சு வந்ததால் ஒரு தமாஷ். நம் தேயிலை ஓரத்தில் தூசிக்குள் குளிக்கிற குட்டைப் பறவையை எல்லோரும் காடை என்கிறோம். அதில் ஒரு வகை காடையே இல்லை, சாதி வேறு. பெட்டைக்குத்தான் கழுத்தில் கறுப்பு, நிறம் எடுப்பு, அதுதான் கத்திக் கூப்பிடும். முட்டையிட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அப்பன் பாடு. இதைக் காலையில் பேர் எடுக்கும் மஸ்டரில் சொன்னேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரு வாரமாக அந்தப் பறவையை எங்கே பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2024 ஜூலை 28

கச்சான் காற்று அடிக்கிறது. நேற்று எதிர்மேட்டில் தீ. இரவில் பார்த்தால் மலைக்குத் தங்கச் சங்கிலி போட்ட மாதிரி அழகு, காலையில் கறுப்புக் கரி. யாரோ மாட்டுக்குப் பச்சைப் புல் முளைக்கட்டும் என்று வைத்திருப்பான், இல்லாவிட்டால் பீடித் துண்டு.

தம்பியின் யோசனையில் பெரிய ஓட்டை இதுதான். நாய் நின்று காட்டுகிற வேட்டைக்குப் புல் வேண்டும். காடையும் கௌதாரியும் ஆபத்து வந்தால் புல்லுக்குள் பதுங்கும், அதனால்தான் நாயால் நிற்க முடிகிறது. காட்டுக்கோழி அப்படி இல்லை. அது பதுங்காது, ஓடும். பெரணிக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி, நாய் நின்ற இடத்திலிருந்து நூறு யார் தள்ளிக் கொக்கரிக்கும். ஜூனோ அதைப் பார்த்து அவமானப்பட்டுத் திரும்பி வரும் என்பார் அப்பா. ஆகவே லைசன் கொடுத்தாலும் பொயின்டரோடு காட்டுக்கோழி வேட்டை நடக்காது. நடக்கக்கூடிய பறவைக்கோ புல் இல்லை.

புல் எங்கே போனது? வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பங்கு தேயிலைக்குப் போனது. அப்புறம் எழுபது, எண்பதுகளில் வெறும் மேடுதானே என்று கரிபியன் பைன் மரத்தை வரிசையாக நட்டார்கள். பைன் காட்டுக்குள் நடந்து பாருங்கள். கீழே ஊசி இலை மெத்தை, பூச்சி இல்லை, விதை இல்லை, சத்தம் இல்லை. படம் பிடிக்க நல்ல இடம். மிச்சப் புல் வருடாவருடம் எரிகிறது. தரையில் கூடு கட்டுகிற பறவை எங்கே கட்டும்?

அமெரிக்கத் தம்பியின் ஊரில் வேட்டைக்காரர் சங்கங்கள் முதலில் கையில் எடுத்ததும் இந்தப் புல்லைத்தான் என்று வாசித்தேன். அதை நீங்கள் முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

2024 ஆகஸ்ட் 4

எல்லோருக்கும் புத்தி சொல்கிறேனே, என் கணக்கையும் எழுதிவிடுகிறேன்.

1978. எனக்குப் பன்னிரண்டு வயது. தோட்டம் அரசாங்கத்திடம் போய் மூன்று வருடம், துரை போய்விட்டார், அப்பா தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுகிறார். வீட்டில் ரொட்டியும் சம்பலும். மேட்டு லயத்து (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு) அண்ணன் ஒருவன் எனக்குச் சுருக்கு வைக்கக் கற்றுக் கொடுத்தான். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் பெரணிக்குள் ஒரு கை அகலத்தில் தடம் இருக்கும், கோழி போய்வருகிற பாதை. இரண்டு பக்கமும் சுள்ளியைக் குத்தி வாசல் மாதிரி ஆக்க வேண்டும். கோழிக்கு வளைந்து போக முடியாமல் நேரே வரும். வளைத்த கொய்யாக் கம்பு, அதன் நுனியில் கம்பி, நடுவில் ஒரு சின்னத் தட்டுக் குச்சி.

மறுநாள் விடியற்காலை போனேன். சேவல் விழும் என்று நினைத்திருந்தேன். செம்பொன் முதுகு, சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள், ஊதா வால், அதைக் கையில் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நடந்துவர ஆசை. விழுந்தது பெட்டை. மண் நிறம், இறக்கையில் குறுக்குப் பட்டை, வயிற்றில் வெள்ளையில் கறுப்பு வரைந்த மாதிரி. கழுத்தில் கம்பி. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. பெரணிக்குள் எங்கிருந்தோ கீச்சென்று ஒரு சத்தம், சற்றுத் தள்ளி இன்னொன்று. குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நான் நகர்ந்தால் சத்தம் நின்றுவிடும், நின்றால் மறுபடி கேட்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை கேட்டார்: "குஞ்சு?" நான் பேசவில்லை. அவர் வேலைக்குப் போகாமல் அந்த இடத்துக்குப் போனார். அரைநாள் பேர், அதாவது சம்பளம், போய்விட்டது. வெறுங்கையோடு வந்தார். குஞ்சு கிடைத்திருந்தாலும் பயன் இல்லை, காட்டுக்கோழிக் குஞ்சு நாட்டுக்கோழியிடம் ஒட்டாது, கண்ணுக்கு முன்னால் ஓடிவிடும்.

அம்மா சமைத்தார். நானும் சாப்பிட்டேன்.

2024 ஆகஸ்ட் 5

மேலே எழுதியதற்குக் கீழே மூன்று பேர் சமையல் குறிப்பு கேட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். இரண்டு மணி நேரம் அவித்தாலும் செருப்புத் தோல். இது போதும்.

2024 ஆகஸ்ட் 11

வேறொருவர் எதிர்ப்பக்கம் நின்று அடிக்கிறார்: "வேட்டைக்காரன் விலங்கைக் காப்பான் என்பதே பெரிய ஏமாற்று." அதுவும் அப்படி இல்லை ஐயா.

சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, வேட்டைநாய்க் கூட்டத்தை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்தினார். ஹோட்டன் சமவெளியில் போய்ப் படம் எடுக்கிறோமே, பேக்கர் அருவி, அந்தப் பேக்கர்தான். மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேல் யானை கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் எங்கள் ஹப்புத்தளையில்தான் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் கல்லறையிலும் மறுபடி இடி விழுந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. அது கதை, ஆனால் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் ஒரு திருப்தி.

இப்படிச் சுட்ட வர்க்கத்தின் பிள்ளைகள்தான் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று இருப்பது அதுவேதான். வனசீவராசிகள் திணைக்களம் வந்தது 1949இல், அதாவது அரை நூற்றாண்டு கழித்து. ஆகவே ஜூலை 15இல் நான் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். வேட்டைக்காரனுக்குத் தன் பறவை குறைவது முதலில் தெரிகிறது. நாய் நிற்கவில்லை என்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். கம்பி வைக்கிறவனுக்கும் தெரியும், ஆனால் அவன் கம்பியை இன்னும் இரண்டு கூட்டித்தான் வைப்பான். நானே அப்படித்தான் செய்திருப்பேன், வீட்டில் இருந்த நிலைமை அது.

அந்தச் சங்கத்தில் பை தூக்கினவர்களுக்கும் நாய் குளிப்பாட்டினவர்களுக்கும் நாற்காலி போட்டார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

2024 ஆகஸ்ட் 18

நாய் மேல் குற்றமே இல்லை என்கிற தொனியில் எழுதிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு எங்கள் வீட்டு மணி என் வாயை அடைத்துவிட்டது.

மணி நாட்டு நாய். பகலில் கட்டி வைக்கிற வழக்கம் லயத்தில் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. காலையில் வாயில் எதையோ கவ்விக்கொண்டு வாசலில் போட்டது. முட்டையிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகாத காட்டுக்கோழிக் குஞ்சு, முதுகில் கோடு. கொன்று தின்னவும் இல்லை, பரிசு கொடுக்கிற மாதிரி காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

எங்கள் டிவிஷனில் எத்தனை நாய் என்று எண்ணத் தொடங்கி முப்பதில் விட்டுவிட்டேன். எல்லாம் அவிழ்த்துவிட்டவை. காட்டுக்கோழி இரண்டு முதல் நான்கு முட்டைதான் இடும். முப்பது நாய் ஒரு காட்டோரத்தைத் தினமும் சல்லடை போட்டால் என்ன மிஞ்சும்? ஜூனோ வருடம் முழுவதும் செய்ததைவிட இது அதிகம். அது பங்களாவில் கட்டிக் கிடந்தது, சனிக்கிழமை மட்டும் போனது, முட்டையைத் தொட்டதே இல்லை.

மணிக்கு இன்று முதல் சங்கிலி. இரவு முழுவதும் ஊளையிடுகிறது. பக்கத்துக் காம்பராக்காரர் காலையில் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 25

கோத்தகிரியில் இருக்கும் அத்தை மகன் இதை வாசித்துவிட்டுப் பேசினான். மலைநாட்டுத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன குடும்பம். அங்கே காட்டுச்சேவல் சாம்பல் நிறம், கழுத்து இறகில் மஞ்சள் மெழுகு சொட்டிய மாதிரிப் புள்ளி என்கிறான். நம்முடையது நெருப்பு நிறம், உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான். "முருகன் கொடியில் இருப்பது எது?" என்று கேட்டான். கதிர்காமம் எங்கள் பக்கம், ஆகவே எங்கள் சேவல் என்று சொல்லிவிட்டேன். பழனிக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

அவன் குறிஞ்சியைப் பற்றியும் பேசினான். 2018இல் அங்கே பூத்தது. நமக்கு நெலு, அதே குடும்பம், ஹோட்டன் சமவெளியில் 2013இல் பூத்தது, பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்த வருடம். பூத்து விதை உதிர்ந்தால் காட்டுக்கோழிகள் கீழே இருந்தெல்லாம் மேலே ஏறிவரும், விதையைத் தின்று கிறங்கிப்போய் நிற்கும், கையாலேயே பிடிக்கலாம் என்று பழையவர்கள் சொல்வார்கள். கிறக்கம் உண்மையோ என்னவோ, கூட்டமாக வருவது உண்மை. கூட்டம் வந்தால் கம்பியும் வரும்.

2024 செப்டம்பர் 8

ஞாயிறு. மச்சானின் மகனும் நானும் காட்டோரம் நடந்தோம், 6ஆம் நம்பர் மலையிலிருந்து ஓடை வரை. எடுத்தது நான்கு கம்பி. மூன்று பிரேக் கம்பி, பன்றிக்கு வைத்த தடிப்பானது ஒன்று. அதன் உயரத்தைப் பார்த்ததும் பையனுக்கு முகம் மாறிவிட்டது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்ததை அவன் கைபேசியில் பார்த்திருக்கிறான். அதுவும் பன்றிக்கு வைத்ததுதான் என்றார்கள். மரக்கறித் தோட்டம் போட்டவன் பன்றிக்கு வேறு என்ன செய்வான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கோழிக்கு வைத்த மூன்றும் யாருடையவை என்று எனக்குத் தெரியும். ஒன்றில் கட்டியிருந்த விதம் மேட்டு லயத்து அண்ணன் கற்றுக்கொடுத்த அதே கட்டு. அவர் போய்விட்டார். பேரன் இருக்கிறான்.

அவனைக் கண்டு பேச வேண்டும். போலீசுக்குச் சொல்வதா என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

2024 செப்டம்பர் 15

பேசினேன். "மாமா நீங்க பிடிக்காததா?" என்றான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2024 செப்டம்பர் 23

தேர்தல் அமளியில் எழுத நேரம் இல்லை.

அப்பா நேற்றுப் பெட்டியைக் கிண்டித் துரையின் விசிலை எடுத்துக் கொடுத்தார். கொம்பில் செய்தது, ஓரம் கடித்த தழும்பு. துரை போனபோது ரெக்ஸைக் கொண்டுபோனார், ஜூனோவுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அது எங்கள் லயத்தில்தான் ரொட்டி தின்று செத்தது. கடைசிக் காலத்தில் பக்கத்து வீட்டுக் கோழிக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கி நின்றுவிடும். கோழி கொத்திவிட்டுப் போகும் வரை அசையாது. பிள்ளைகள் சிரிப்போம். அப்பா மட்டும் போய், பறவையை எழுப்புகிற மாதிரி கையைத் தட்டி, கோழியை ஓட்டிவிட்டு, "சபாஷ்" என்பார்.

இன்று விடியற்காலை மணியைச் சங்கிலியோடு கீழே வயல் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். சேற்றிலிருந்து கரகரவென்று கத்திக்கொண்டு உள்ளான் ஒன்று வளைந்து வளைந்து பறந்தது. சைபீரியாவிலிருந்து வந்தது, இந்த வருடத்தில் நான் பார்த்த முதலாவது. அது போனபிறகு பார்த்தால் மணி அசையாமல் நிற்கிறது, வலது முன்னங்காலைத் தூக்கி மடித்துக்கொண்டு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

குனிந்து பார்த்தேன். விரலிடுக்கில் அட்டை.